என்னைப் பற்றிச் சொல்ல ஓர் ஆள்

“…அப்படியென்றால் அந்தப் பம்பை யார் வேண்டுமானாலும் சரிசெய்திருக்கலாம், இல்லையா?” என்று கேட்டார் எங்கள் மேலாளர் மோனிகா. ஜெர்மனியில் ஒரு பெயின்ட் தொழிற்சாலையின் சின்ன அறை. எதிரில் அவர், இந்தப் பக்கம் நான், எனக்குப் பக்கத்தில் ஒரு காலி நாற்காலி. சற்று முன்புதான், நின்றுபோன கலவைப் பம்பை நான் ஓடவைத்ததற்காகப் பாராட்டியிருந்தார். பாராட்டு காதில் விழுந்ததுமே என் வாய் பழக்கதோஷத்தில், “அதிலென்ன இருக்கிறது, யாராக இருந்தாலும் செய்திருப்பார்கள்” என்று சொல்லித் தொலைத்தது. அதைத்தான் அவர் அப்படியே நம்பிவிட்டார். அடுத்த ஷிஃப்ட் லீடர் யார் என்று முடிவுசெய்யும் பேச்சு அது. எனக்குக் கிடைத்தால் ஒப்பந்த வேலை நிரந்தரமாகும். சிதம்பரத்தில் இருக்கும் மனைவி கல்பனாவையும் மகளையும் இங்கே அழைத்துக்கொள்ளலாம். கிடைக்காவிட்டால் வீடியோ காலிலேயே குடித்தனம் தொடரும்.

ஊரில், செம்மங்குப்பத்தில் கெமிக்கல் கம்பெனியில் இருந்தபோதும் இதே பதிலைத்தான் சொல்வேன். ஆனால் அங்கே என் பக்கத்தில் கூட வேலை செய்யும் நண்பன் குணா நிற்பான். நான் “ஒண்ணுமில்லீங்க சார்” என்று தலையைச் சொறிவதற்குள், “சார், இவன் சொல்றத நம்பாதீங்க. சோறு தண்ணி இல்லாம உள்ள படுத்துக் கெடந்து பாத்தான் சார்” என்று எடுத்துவிடுவான். அவனைப் பாராட்டினால் அவன் தலையைச் சொறிவான், நான் வாயைத் திறப்பேன். அங்கே எல்லோருமே அப்படித்தான். தன்னடக்கம் என்பது இரண்டு பேர் சேர்ந்து செய்கிற வேலை என்று, தனியாக இங்கே வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

இங்கே தன்னைப் பற்றித் தானே பேசுவதற்கென்று ஒரு வகுப்பே வைத்தார்கள். பர்சனல் பிராண்டிங். உன்னை நீதான் ஊருக்குக் காட்ட வேண்டும், தினமும் உன்னை நீயே உற்சாகப்படுத்திக்கொள்ள வேண்டும் என்றார்கள். கூட வேலை செய்யும் மார்கோ ஒரு வால்வைத் திருகினாலும் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்து இணையத்தில் போடுவான். நல்ல பையன், வேலையும் தெரிந்தவன். குறை சொல்ல முடியவில்லையே என்பதுதான் என் எரிச்சல். நானும் சவரம் செய்யும்போது கண்ணாடியைப் பார்த்து “நான் திறமைசாலி” என்று சொல்லிப் பார்த்தேன். சிரிப்பு வந்து கன்னத்தைக் கீறிக்கொண்டதுதான் மிச்சம்.

இந்தப் பேச்சுக்கு முந்தின நாள் கல்பனா போனில் பிடித்துக்கொண்டாள். “மாமா, பொண்ணு பாக்க வந்தப்பகூட உங்கள பத்தி குணா அண்ணன்தான பேசுனாரு? நீங்க காப்பி டம்ளரயே பாத்துக்கிட்டு இருந்தீங்க. நாளைக்கு அங்கயும் டம்ளரத்தான் பாக்கப் போறீங்களா?” குணாவிடம் புலம்பினால் அவன் அதற்கு மேல். “அந்தம்மா நம்பர குடு மச்சான், நான் பேசிக்கிறேன்.”

“எந்த பாஷையிலடா?”

“அத அப்பறம் பாத்துக்கலாம்.”

சிரித்தேன். போனை வைத்த பிறகு அழுகையாக வந்தது.

மோனிகா பதிலுக்குக் காத்திருந்தார். ‘இல்லை, என்னால்தான் முடிந்தது’ என்று ஒத்திகை பார்த்த வாக்கியம் வாய் வரைக்கும் வந்து திரும்பிவிட்டது. நான் அசட்டுச் சிரிப்பு சிரித்தேன். அவர் அதை ஆமாம் என்று எடுத்துக்கொண்டார்.

“உங்கள் நேர்மைக்கு நன்றி. மார்கோவுக்கு இந்தப் பொறுப்பில் ஆர்வம் அதிகம். அவரே இருக்கட்டும். உங்களுக்கும் இப்போதைய வேலைதான் நிம்மதி என்று நினைக்கிறேன்.”

என்னை அறியாமல் பக்கத்து நாற்காலியைத் திரும்பிப் பார்த்தேன், யாரோ குறுக்கே பேசப்போகிறார்கள் என்பதுபோல. மோனிகாவும் என் பார்வை போன இடத்தைப் பார்த்தார். பிறகு எழுந்து வந்து, அந்தக் காலி நாற்காலியைச் சத்தமில்லாமல் மேசைக்கு அடியில் தள்ளிவைத்தார்.