கோடிட்ட இடம்

“அண்ணாச்சி, அரைக் கிலோ உளுந்தம்...?” என்று கேட்டுவிட்டு ஜெபகனி டீச்சர் நிற்கிறார். புருவம் இரண்டும் மேலே ஏறியிருக்கின்றன. மீதியைக் கடைக்காரர்தான் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் வியாபாரம் நகராது.

“வடை!” என்கிறார் காஜா முகைதீன் அண்ணாச்சி, முகத்தை அப்பாவியாக வைத்துக்கொண்டு.

“எந்திரிங்க அண்ணாச்சி.”

அண்ணாச்சி ஏற்கெனவே நின்றுகொண்டுதான் இருக்கிறார். இருந்தாலும் முதுகை ஒரு தரம் நிமிர்த்தி, “பருப்பு டீச்சர்” என்று திருத்திச் சொல்கிறார். “குட்” வாங்கிய பிறகுதான் தராசைத் தொடுகிறார்.

பாளையங்கோட்டையில் அந்தத் தெருக்காரர்கள் எல்லோரும் இதற்குப் பழகிவிட்டார்கள். ஆட்டோவில் ஏறி “பைய...?” என்றால், “போறேன் டீச்சர்” என்று டிரைவர் முடிக்கிறார். கரண்ட் ஆபீசுக்கு போன் போட்டு “எங்க தெருவுல கரண்ட்டு...?” என்றால், “போயிட்டு” என்று அந்தப் பக்கம் ஒருவர் ஒப்புக்கொள்கிறார்.

இது டீச்சருக்குத் தனியாக வந்த வியாதி இல்லை, பரம்பரைச் சொத்து. பூட்டனார் ஓலைக் கொட்டகையில் மணலைப் பரப்பி எழுத்துச் சொல்லிக்கொடுத்தவர். ஒரே ஆளாக எல்லா வகுப்பையும் மேய்த்தவர். பிள்ளைகள் தூங்கிவிடாமல் இருக்க, வாக்கியத்தின் வாலை வெட்டி எறிவாராம். அவர்கள் கவ்விக்கொண்டு வர வேண்டும். தாத்தா அந்தப் பழக்கத்தை ஓட்டுக் கட்டடத்துக்குக் கொண்டுபோனார். அப்பா ஞானையா சார் கல்யாணப் பந்தி வரைக்கும் கொண்டுபோனார். இலை முன்னால் உட்கார்ந்து “சாம்...?” என்று அவர் இழுத்தால், “பார் சார்!” என்று வாளியோடு ஓடி வருவார்கள். வகுப்பில் தப்பாகச் சொன்னவனுக்கு அடி கிடையாது. “எந்திரி. யோசி. உக்காரு.” அந்த மூன்று சொல்லும் அந்த வீட்டில் உப்பு மாதிரி, எதிலும் கிடக்கும்.

டீச்சர் தோற்ற நாளும் உண்டு. “தாமிரபரணி எங்க உற்பத்தியாகுது? பொதிகை...?” என்று ஒருநாள் கேட்டார். “எக்ஸ்பிரஸ்!” என்று மூன்றாம் வகுப்பு மொத்தமும் கத்தியது. எவனோ ஒரு வாலு முந்தின நாளே எல்லோரிடமும் சொல்லிவைத்திருக்கிறான். டீச்சர் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு கரும்பலகைப் பக்கம் திரும்பிவிட்டார். தோள் மட்டும் குலுங்கியது. பிறகு கோபப்பட்டுப் பார்த்தார்; சரியாக வரவில்லை.

சாப்பாட்டு ஜெபத்துக்கும் இதே கதிதான். கண்ணை மூடி, எல்லாவற்றையும் ஆண்டவரிடம் ஒப்புக்கொடுத்துவிட்டு, “ஆ...?” என்று நிறுத்துவார். எதிரே இருக்கிற மகன் ஜெய்சன் “மென்” போட்டால்தான் சோற்றில் கை வைக்கலாம். பசி நேரத்தில் அவன் ஜெபம் பாதியில் இருக்கும்போதே “மென்” போட்டுவிடுவான். “ஏல, நான் இன்னும் ‘ஆ’வே சொல்லலியே!” என்பார் டீச்சர், கண்ணைத் திறக்காமலே.

ஜெய்சன் ஐந்தாம் தலைமுறை, பி.எட். முடித்தவன். வருகிற மே மாதம் டீச்சருக்கு ஓய்வு. அவர் கீழே வைக்கும் சாக்பீஸை இவன் எடுத்துக்கொள்வான் என்று குடும்பமே காத்துக்கொண்டிருந்தது. போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோயில் ஆராதனை முடிந்து வந்து, மீன் குழம்பு இறக்கிவைத்த நேரத்தில் அவன் சொன்னான்.

“எம்மா, நான் திருச்செந்தூர் பஸ்ஸுல கண்டக்டரா சேந்துட்டேன்.”

சாப்பிட வந்திருந்த டீச்சரின் அண்ணன் இஸ்ரவேல், ஓய்வு பெற்ற தலைமையாசிரியர், முந்திக்கொண்டார். “நாலு தலைமுறை சாக்பீஸ் புடிச்ச குடும்பம். இவன் டிக்கெட் கிழிக்கப் போறானாம். ஏல, ஒங்க தாத்தா இருந்தா என்ன சொல்லிருப்பாரு தெரியுமா?”

“எந்திரிம்பாரு. நாள் பூரா எந்திரிச்சுதான மாமா நிக்கப் போறேன்?”

“வாயப் பாரு வாய!”

“ஒங்க மக பெங்களூர்ல கம்ப்யூட்டர் தட்டுதால்லா? அவகிட்ட யாரும் சாக்பீஸ் கணக்கு கேக்கலியே.”

டீச்சர் கண்ணை மூடினார். ஜெபம் பண்ணினார். “ஆ...?” என்றார்.

ஜெய்சன் வாயைத் திறக்கவில்லை. இஸ்ரவேலும் உதவிக்கு வரவில்லை; அது அவர் நிரப்ப வேண்டிய கோடிட்ட இடம் இல்லையே. மீன் குழம்பு ஆறிக்கொண்டே இருந்தது. கடைசியில் டீச்சரே “மென்” என்று வாய்க்குள் முனகிக்கொண்டார்.

அதன்பிறகு அந்த வீட்டில் வாக்கியங்கள் எல்லாம் முழுசாகவே வந்தன. “சோறு இருக்கு.” “சாவி ஆணியில கெடக்கு.” ஒவ்வொன்றின் முடிவிலும் ஆணி அடித்தது போல ஒரு முற்றுப்புள்ளி. டீச்சரின் பள்ளிக்கூடம் தென்திருப்பேரையில் இறங்கி நடக்கிற தூரம். மகன் போகிற ரோஸ் கலர் பிரைவேட் பஸ்தான் தோதான நேரத்துக்கு. ஆனாலும் அவர் அதற்கு முந்தின பஸ்ஸில் போனார். பூட்டிய பள்ளிக்கூட வாசலில், வேப்பமரத்தடியில், காக்காய்களுக்கு வகுப்பெடுத்தார் என்று ஊரில் பேச்சு.

போன வாரம் முந்தின பஸ் வரவே இல்லை. வந்தது ரோஸ் கலர். டீச்சர் பின்வாசல் வழியாக ஏறி, திருச்செந்தூர் போகிற பச்சை வேட்டி பக்தர்களுக்கு நடுவே கடைசி சீட்டில் ஒடுங்கினார். காசைக் கை மாற்றி அனுப்பினார். டிக்கெட்டும் கை மாறியே வந்தது. முகம் காட்டவில்லை.

முன்னாலிருந்து குரல் மட்டும் வந்தது.

“செய்துங்க...?”

“நல்லூர்!” என்றது பஸ்.

டீச்சரின் கை முன்கம்பியை இறுக்கிப் பிடித்தது.

“பைய எறங்குங்க ஆச்சி. ஒங்கள விட்டுட்டு வண்டி எங்கயும்...?”

“போவாது!”

தினமும் வருகிற கூட்டம் போல. பதிலை வீட்டிலிருந்தே கொண்டு வந்திருந்தார்கள்.

“ஆழ்வார்...?”

“பேட்டை!” என்று ஒரு கல்லூரிப் பையன் கத்தினான். அந்த ஊர் மெட்ராசில் அல்லவா இருக்கிறது! பஸ் சிரித்தது.

“யாருல அது? எந்திரி.”

“நிக்கத்தான அண்ணே செய்யுதேன். சீட்டு எங்கன இருக்கு?”

“அப்ப... யோசி.”

“திருநகரி.”

“உக்காரு. எடம் கெடச்சா.”

குரல் ஜெய்சனுடையது. ஆனால் அந்த “யோசி”க்கு முன்னால் விட்ட இடைவெளி ஞானையா சாருடையது. அதை யாரும் யாருக்கும் பாடம் நடத்தியதில்லை. டீச்சர் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. பக்கத்து பக்தர், அம்மாவுக்கு பஸ் ஒத்துக்கொள்ளவில்லை போல என்று நினைத்து ஜன்னலைத் திறந்துவிட்டார்.

ஆழ்வார்திருநகரியில் உள்ளூர்க் கூட்டம் இறங்கிவிட்டது. மிச்சம் இருந்தவர்கள் வெளியூர் பக்தர்கள். பாதிப் பேர் தூக்கத்தில்.

“தென்திருப்...?”

பதில் இல்லை.

“தென்திருப்...? ஒருத்தருமே இல்லியா? ரைட் குடுத்துரவா?” விசிலை உதட்டில் வைத்தபடி ஜெய்சன் பின்பக்கம் திரும்பினான்.

கடைசி சீட்டில் ஜெபகனி டீச்சர், பச்சை வேட்டிகளுக்கு மேலே தெரியும்படி, மூன்றாம் வகுப்புப் பிள்ளை மாதிரி ஒற்றை விரலை நீட்டிக் கையைத் தூக்கியிருந்தார்.