நாகலெட்சுமியின் அலங்காரக் கூடு

கொட்டகலைப் பக்கத்துத் தோட்டங்களில் நாகலெட்சுமியைத் தெரியாதவர்கள் இருக்கலாம். அவளுடைய கெப் வண்டியைத் தெரியாதவர்கள் கிடையாது. பழைய வண்டிதான். பின்னால் சாமான் ஏற்றும் இடத்துக்கு மேலே உயரமாக ஒரு வெள்ளைக் கூடு பூட்டியிருக்கும். இரண்டு பக்கமும் கறுப்புக் கண்ணாடிச் சன்னல், பின்பக்கம் மேலே தூக்கித் திறக்கும் கதவு. ஊரில் மற்றவர்கள் இப்படிப்பட்ட கூட்டுக்குள் கோவா, கரட் என்று மரக்கறி ஏற்றுவார்கள். நாகலெட்சுமி மணப்பெண்களை ஏற்றினாள்.

ஏற்றி எங்கேயும் கொண்டுபோக மாட்டாள். கல்யாணத்தன்று வண்டியை, தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தின் வாசலில் நிறுத்தி, பெண்ணை உள்ளே உட்காரவைத்து, முகம் பூசி, தலை பின்னி, சேலை கட்டி, நகை மாட்டி, கதவைத் தூக்கிவிடுவாள். வெளியே நிற்கிற சனம் ‘அடியாத்தே!’ என்று வாயைப் பிளக்கும். கொஞ்சம் உயரமான பெண்ணாக இருந்தால் கூரையில் தலை இடிக்கும். அதையெல்லாம் யாரும் குறையாகச் சொன்னதில்லை.

ஏன் இந்தக் கூத்து என்று கேட்டால் அவளுக்குக் கோபம் வரும். லயத்தின் ஒற்றை அறைக் காம்பராவில் கல்யாண நாளன்று ஊசி குத்த இடமிருக்காது. நாகலெட்சுமியின் கல்யாணத்தில் நான்கு பெண்கள் ஒரு போர்வையை நாலா பக்கமும் பிடித்துக்கொள்ள, நடுவில் நின்றுதான் அவள் சேலை மாற்றினாள். பிடித்திருந்த ஒருத்திக்குத் தும்மல் வந்தது. போர்வை விழுந்தது. வாசலில் மாப்பிள்ளை வீட்டு ஆம்பிளைகள் பத்துப் பேர். இருபத்தாறு வருஷமாகியும் அந்த வெட்கம் அவளுக்கு ஆறவில்லை. இனி இந்த லயங்களில் ஒரு பெண்ணும் போர்வைக்கு நடுவில் நிற்கக்கூடாது என்று வைராக்கியம் பிடித்துத்தான், கொழுந்து பறித்த கையால் அலங்காரம் பழகி, புருஷன் ஜெயகாந்தனோடு சேர்ந்து இந்த வண்டியை வாங்கினாள்.

அப்பேர்ப்பட்ட வண்டியின் இடது சன்னலில், போன வியாழக்கிழமை அடித்த காற்றில், நிழல் மரக்கிளை ஒன்று வந்து விழுந்தது. கண்ணாடி தூள். சரி, ஒன்றுதானே போயிற்று என்று மனசைத் தேற்றிக்கொள்வதற்குள், மிச்சத் துண்டுகளைத் தட்டி எடுக்கிறேன் பேர்வழி என்று ஜெயகாந்தன் சுத்தியலோடு உள்ளே போனார். இடது பக்கம் சுத்தமானது. சுத்தியலை ஓங்கிய வேகத்தில், அதன் பின்தலை வலது சன்னலில் பட்டு, அதுவும் போயிற்று.

“இது ஒரு சின்ன வேல லெச்சுமி” என்றார், கண்ணாடித் தூளுக்கு நடுவில் நின்றுகொண்டு.

“ஆமா, உங்களுக்கு எல்லாமே சின்ன வேலதான்! ஞாயித்துக்கெழம பிரியந்திக்குக் கல்யாணம், தெரியும்ல?”

பிரியந்தி அவளுடைய அண்ணன் மகள். ‘அத்தே, நீங்க தொட்டாத்தான் நான் பொண்ணு’ என்று ஆறு மாதத்துக்கு முன்பே சொல்லிவைத்தவள். மாப்பிள்ளை வினோஜன் இறம்பொடைக்காரன், தங்கமான பிள்ளை. அவனுடைய பெரியம்மா ராசம்மாதான் கொஞ்சம் காரம். சன்னல் உடைந்த சேதி எப்படியோ இறம்பொடை வரைக்கும் போய், வெள்ளிக்கிழமை காலையிலேயே அவரிடமிருந்து போன் வந்துவிட்டது.

“சம்பந்தியம்மா, தப்பா நெனைக்காதீங்க. எங்க வீட்டுக்கு வர்ற பொண்ண ஓட்ட வண்டியில ஒக்கார வச்சு, ஊரே வேடிக்க பாக்க விட முடியாதுங்க. ஞாயித்துக்கெழம நான் வந்து பாப்பேன். சரியில்லன்னா ஹட்டன் பார்லருக்குக் கூட்டிக்கிட்டுப் போயிருவேன். அங்க சொல்லியும் வச்சிட்டேன்.”

நாகலெட்சுமிக்குச் சுருக்கென்று தைத்தது. அதிலும் அந்த அம்மாள் சொன்னதில் நியாயம் வேறு இருந்தது.

அந்தக் கூட்டுக்குரிய கண்ணாடி கொழும்பிலிருந்து வர இரண்டு கிழமையாகுமாம். ஆனால் கொட்டகலை பசாரில் ஒரு கடையில், உடையாத பிளாஸ்டிக் கண்ணாடியை அளவு கொடுத்தால் வெட்டித் தருவார்கள். மாட்டுவதை நாமே மாட்டிக்கொள்ளலாம் என்று அவள் முடிவுகட்டினாள். போனில் ஒரு வெள்ளைக்காரர் வண்டிச் சன்னல் மாட்டும் வீடியோவைப் பதினொரு தரம் பார்த்தாள். பேசியது ஒன்றும் புரியவில்லை. கை செய்தது எல்லாம் புரிந்தது.

சனிக்கிழமை விடிந்ததும் அளவெடுத்தார்கள். அவளுடைய அளவு நாடா பிரியந்தியின் ரவிக்கையோடு தையல்காரரிடம் போய்விட்டது. ஜெயகாந்தன் அசரவில்லை. பக்கத்துக் காம்பரா ஷாமிலாவின் மட்டக்கம்பு சுவரில் சாய்ந்திருந்தது. கொழுந்து பறிக்கும்போது தேயிலைச் செடியின் மேல்மட்டம் ஏறி இறங்காமல் இருக்க, மேலே படுக்கவைத்துப் பார்க்கும் நீளக் கம்பு அது. அதைச் சன்னலில் வைத்து, நீளத்துக்கு ஒரு வெட்டு, உயரத்துக்கு ஒரு வெட்டு என்று கத்தியால் குறித்தார்.

“டேப்பு இழுத்தா இழுத்த பக்கம் வரும். கம்பு ஏமாத்தாது” என்று பெருமை வேறு.

கம்பைச் சுவரில் சாய்த்துவிட்டுத் தேத்தண்ணி குடித்தார். திரும்பி வந்து கம்பை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினார். பத்து மணிக்குத் தலையில் இரண்டு பலகையைச் சுமந்துகொண்டு வந்து இறங்கினார். இரண்டு பக்கமும் பழுப்புத் தாள் ஒட்டிய பிளாஸ்டிக் கண்ணாடி. ஒவ்வொன்றும் கதவளவு இருந்தது.

நாகலெட்சுமி பலகையைப் பார்த்தாள். சன்னலைப் பார்த்தாள். புருஷனைப் பார்த்தாள்.

“இது எந்த வண்டிக்குங்க?”

அவர் பதில் சொல்வதற்குள் மலையிலிருந்து ஷாமிலா இறங்கி வந்தாள், கையில் கம்போடு, கத்திக்கொண்டே. “என் மட்டக்கம்புல கத்திய வச்சது யாரு? வேல சரிபாக்க வந்த கண்டாக்கையா மலையில எல்லாருக்கும் முன்னாடி கேக்குறாரு, என்னா ஷாமிலா, கம்புல கணக்குப் பாடமா எழுதுறன்னு!”

அப்போதுதான் விஷயம் விளங்கியது. அவர் தேத்தண்ணி குடிக்கப் போன நேரம் ஷாமிலா தன் கம்பை எடுத்துக்கொண்டு, வேலைக்குப் பெயர் கொடுக்கும் காலைப் பெரட்டுக்குப் போய்விட்டாள். அதே இடத்தில் சாய்ந்திருந்தது அவளுடைய மாமியாரின் பழைய கம்பு. அதிலும் இரண்டு வெட்டு உண்டு. அவரைக்கொடிப் பந்தலுக்குக் கால் நடுவதற்காக அந்தம்மாள் குறித்துவைத்தவை. ஜெயகாந்தன் அவரைப் பந்தலுக்குக் கண்ணாடி வெட்டிக்கொண்டு வந்திருந்தார்.

முதலில் ஷாமிலாவுக்குத்தான் சிரிப்பு வந்தது. அவள் சிரிக்க, நாகலெட்சுமி சிரிக்க, தண்ணீர்ப் பீலியில் துணி அலசிக்கொண்டிருந்தவர்கள் விஷயம் கேட்டுச் சிரிக்க, கடைசியில் ஜெயகாந்தனே வயிற்றைப் பிடித்துக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டார். நாளைக்குக் கல்யாணம், சன்னல் இல்லை, சிரிப்பு மட்டும் நிற்கவே மாட்டேனென்றது.

“நல்ல வேள, பெருசா போச்சு” என்றாள் நாகலெட்சுமி கண்ணைத் துடைத்துக்கொண்டு. “சின்னதா வந்திருந்தா இழுத்தா நீட்ட முடியும்?”

பலகையைச் சன்னல் ஓட்டையோடு சேர்த்துப் பிடித்து, பழுப்புத் தாளின் மேலேயே பென்சிலால் கோடு போட்டாள். மூலைகள் வளைவாக வேண்டும். அதற்குப் பவுடர் டப்பாவைக் கவிழ்த்து அதைச் சுற்றிக் கோடு இழுத்தாள். மட்டக்கம்பை நேர்கோட்டுக்கு வைத்துக்கொண்டு, கத்தி முனையால் ஒரே கோட்டில் பத்துத் தடவை கீறினார்கள். துணி துவைக்கும் கல்லின் விளிம்பில் வைத்து இரண்டு பேரும் ஒரே நேரத்தில் அமுக்க, ‘டப்’பென்று ஒரு சத்தம். நேராக உடைந்திருந்தது! நாகலெட்சுமிக்குத் தலைகால் புரியவில்லை. இன்னும் உடைக்க ஏதாவது இருக்கிறதா என்று தேடுகிற அளவுக்கு உற்சாகம் வந்துவிட்டது. மூலைகளை அரத்தால் தேய்த்தார்கள்.

பிறகுதான் பெரிய வேலை. பழைய ரப்பர் பட்டியைக் கழுவிக் கண்ணாடியைச் சுற்றி மாட்டினார்கள். அந்தப் பட்டியின் வெளிப்பக்கத்தில் இன்னொரு பள்ளம் உண்டு. கூட்டின் விளிம்பு அதற்குள் போய் உட்காரவேண்டும். அதற்கு வெள்ளைக்காரர் ஒரு தந்திரம் காட்டியிருந்தார். பள்ளம் முழுக்கக் கயிற்றைச் சுற்றிவைத்து, வெளியே ஒருவர் கண்ணாடியை அமுக்க, உள்ளே ஒருவர் கயிற்றை இழுத்துக்கொண்டே போனால், ரப்பரின் உதடு ஒவ்வோர் அங்குலமாக விளிம்பைத் தாண்டி உள்ளே வந்துவிடும். கயிற்றுக்கு நாகலெட்சுமி எங்கே போவாள்? பெட்டி நிறையப் பாவாடை நாடா இருந்தது.

சவர்க்காரத்தைக் கரைத்துத் தடவினார்கள். அவள் உள்ளே, அவர் வெளியே.

“அமுக்குங்க!”

“அமுக்குறேன்!”

“அங்க இல்ல, மேல மேல!”

பாதியில் நாடா அறுந்து, நாகலெட்சுமி மல்லாக்க விழுந்தாள். நாடாவை இரட்டையாக்கி மறுபடி. இந்தத் தடவை ஜெயகாந்தனோடு ஷாமிலாவும் தோள் கொடுத்தாள். நாடா வர வர ரப்பர் ‘சுர்ர்’ரென்று மடிந்து உட்கார்ந்துகொண்டே வந்தது. கடைசி மூலை ‘பளக்’கென்று விழுந்தபோது அவள் கூட்டுக்குள் எழும்பிக் குதித்துத் தலையை இடித்துக்கொண்டாள். வலி கூடத் தெரியவில்லை. இரண்டாவது சன்னல் அரை மணியில் முடிந்தது. லயமே கைதட்டியது. ஒரு வாளித் தண்ணீரை மேலே ஊற்றிப் பார்த்தார்கள். உள்ளே ஒரு சொட்டு இல்லை. அவளுக்கு அந்தச் சன்னலைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுக்கலாம் போலிருந்தது.

ஞாயிறு காலையில் பிரியந்தியை உள்ளே உட்காரவைத்துவிட்டு, சன்னலில் உள்ளும் புறமும் ஒட்டியிருந்த பழுப்புத் தாளைச் சரசரவென்று உரித்தாள். தண்ணீர் சூடாக்க அடுப்பு எரித்துக்கொண்டிருந்த ஷாமிலா அதை வாங்கி அடுப்பில் வைத்துவிட்டாள். நாகலெட்சுமி உள்ளே ஏறித் திரும்பிப் பார்த்தாள்.

பழைய கண்ணாடி கறுப்பு. புதிய கண்ணாடி தெளிந்த தண்ணீர் மாதிரி இருந்தது. வெளியே பதினைந்து முகம் வரிசையாக மூக்கை அழுத்திக்கொண்டு நின்றது. பிரியந்தி துண்டால் உடம்பை மூடிக்கொண்டு அலறினாள்.

நாகலெட்சுமி தலையில் அடித்துக்கொண்டாள். அளவு, ரப்பர், நாடா என்று இரண்டு நாளாகச் சன்னலையே நினைத்துக்கொண்டிருந்தவள், சன்னல் எதற்கு என்பதை மறந்துபோயிருந்தாள். ஒரு சேலையைத் தொங்கவிட்டுப் பார்த்தாள், உள்ளே கும்மிருட்டு. இருட்டில் பூசினால் முகம் ஒரு நிறம், கழுத்து ஒரு நிறம். வெளியே ஜெயகாந்தன் குரல் கொடுத்தார்: “லெச்சுமி, எறம்பொட வேன் கீழ ரோட்டுக்கு வந்திருச்சி!”

“அத்தே, நான் ஹட்டனுக்குப் போக மாட்டேன்” என்று பிரியந்தி அழுதாள். “போர்வ புடிச்சாலும் பரவாயில்ல, நீங்களே பண்ணுங்க அத்தே.”

போர்வை என்ற சொல்லைக் கேட்டதும் நாகலெட்சுமிக்கு எங்கிருந்தோ வெறி வந்தது. “போர்வயா? என் வண்டியிலயா?” முகப்பூச்சு டப்பாவைத் திறந்தாள். பஞ்சில் அள்ளி, மணப்பெண்ணின் கன்னத்தில் வைக்கவேண்டியதைச் சன்னலில் வைத்தாள். வட்டம் வட்டமாகத் தேய்த்தாள். அதற்கு மேல் பவுடரை ஒற்றினாள். பதினைந்து முகமும் ஒவ்வொன்றாக மறைந்தது. வெளிச்சம் மட்டும் பால் போல உள்ளே வந்தது. சன்னலுக்கு மேக்கப் போடும் அத்தையைப் பார்த்து, அழுதுகொண்டிருந்த பிரியந்தி விழுந்து விழுந்து சிரித்தாள்.

பிறகு டப்பாவின் அடியைச் சுரண்டி, அவளை அலங்கரித்தாள். அத்தனை நல்ல வெளிச்சத்தில் அவள் அதுவரை யாருக்கும் பூசியதில்லை.

ராசம்மா வந்ததும் வராததுமாகச் சன்னலில் கண்ணை வைத்துப் பார்த்தார். இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் போய்ப் பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை.

“நல்ல கண்ணாடியாத்தான் போட்டிருக்காங்க” என்று முணுமுணுத்தது உள்ளே கேட்டது. பிரியந்தி வாயைப் பொத்திக்கொண்டாள்.

கதவைத் தூக்கி ராசம்மா உள்ளே ஏறினார். பிரியந்தியைத் தலை முதல் கால் வரை பார்த்தார். பிறகு சன்னலை விரலால் தொட்டார். விரலைப் பார்த்தார்.

“பவுடரா?”

“ஆமாங்க சம்பந்தியம்மா.”

ராசம்மா மெல்ல முக்காலியில் உட்கார்ந்தார். “எனக்குப் போர்வதாங்க புடிச்சாங்க” என்றார், குரலில் காரமே இல்லாமல். “அதுல ஒரு கிழிசல் வேற. அன்னிக்கு நான் கண்ணத் தொறக்கவே இல்ல.” பிறகு முகத்தை நிமிர்த்தி, “எனக்கும் கொஞ்சம் போட்டு விடுங்களேன்” என்றார்.

நாகலெட்சுமி டப்பாவைப் பார்த்தாள். காலி. யோசிக்கவில்லை, புதுப் பஞ்சை எடுத்துச் சன்னலில் ஒற்றி, ராசம்மாவின் கன்னத்தில் பூசினாள். மறுபடி சன்னல், மறுபடி கன்னம். சன்னலில் வட்டமாக ஓர் ஓட்டை விழுந்தது. ஓட்டைக்கு அந்தப் பக்கம் உடனே ஜெயகாந்தனின் ஒரு கண் வந்து நின்றது.

“யாருய்யா அது, பொம்பளைங்க உள்ள இருக்கோம்ல!” என்று ராசம்மா போட்ட சத்தத்தில் கண் காணாமல் போனது. “நீங்க போடுங்க சம்பந்தியம்மா. இந்தக் கன்னம் பாக்கி இருக்கு.”