தொட்டில் ஸ்பிரிங்கில் பிடித்த கடல்

கடலில் முழங்காலுக்கு மேல் இறங்கியிராத ஒருவன், திருத்தணியில் உட்கார்ந்துகொண்டு, அமெரிக்கக் கடற்கரையில் பலகை வைத்து அலைமேல் சறுக்கும் பையன்களின் கிட்டார் இசையை வாசித்துப் பெரிய ஆளாகிவிடலாம் என்று நம்பினால் அவனை என்னவென்று சொல்வீர்கள்? எங்கள் தெருவில் சொன்னதை அச்சில் போட முடியாது. அந்த ஆள் நான்தான். கிட்டாரை நம்பினேனே தவிர, பேய் பிசாசு ஆவி எதையும் நம்பியதில்லை. மலைமேல் இருக்கும் முருகனையே பரீட்சை முடிவு வரும் வாரத்தில் மட்டும் நம்பியவன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இனி நான் சொல்வதைக் கேட்டு நீங்கள் சிரித்தால் நானும் உங்கள் கட்சிதான்.

எழுபதுகளின் கடைசி. தாலுகா ஆபீசில் குமாஸ்தா வேலை. மூர் மார்க்கெட்டில் பழைய இசைத்தட்டு ஒன்று வாங்கி வந்திருந்தேன். அதில் கிட்டாரின் ஒவ்வொரு சுரமும் தண்ணீரில் நனைத்து எடுத்த மாதிரி சொட்டச் சொட்ட வரும். அது எப்படி வருகிறது என்று தலையைப் பிய்த்துக்கொண்டு, கடைசியில் ஒரு ஆங்கிலப் பத்திரிகையில் படித்துத் தெரிந்துகொண்டேன். எல்லாம் ஸ்பிரிங்! கிட்டாரின் ஒலியை ஒரு ஸ்பிரிங்கின் இந்த முனையில் விட்டு அந்த முனையில் பிடிக்கிறார்கள், நடுவே அது ஆடி அலைந்து தாமதமாக வந்து சேர்கிறது, அவ்வளவுதான் கடல்.

அந்த ஸ்பிரிங் வைத்த பெட்டியை வாங்க வேண்டுமென்றால் வீட்டை விற்க வேண்டும், வீடு அம்மா பெயரில் இருந்தது. நானே செய்தேன். ஒரு பலகை. ஒரு முனையில், கிட்டாரின் ஒலியை உள்ளே விட, செத்துப்போன ரேடியோவின் ஸ்பீக்கர், மறுமுனையில் ரிக்கார்டு பிளேயரின் ஊசி, அங்கிருந்து டேப் ரிக்கார்டருக்கு ஒயர். நடுவில் ஸ்பிரிங். சைக்கிள் சீட்டின் ஸ்பிரிங்கை மாட்டினேன், சைக்கிள் சீட் மாதிரியே சத்தம் போட்டது. கட்டில் ஸ்பிரிங்கை மாட்டினேன், அதை விவரிப்பது மரியாதையாக இருக்காது.

இன்னொரு சங்கடமும் இருந்தது. எங்கள் தெரு முழுக்க விசைத்தறி. கரண்ட் இருந்தால் தறி ஓடும், டேப்பில் தறிச் சத்தம்தான் ஏறும். தறி நின்றுவிட்டதே என்று பார்த்தால் கரண்ட் போயிருக்கும், டேப்பும் நின்றிருக்கும். கரண்டும் இருந்து தறியும் ஓடாத நாள் மாதத்தில் ஒன்றே ஒன்று, தறிக்காரர்களுக்கு விடுமுறையான அமாவாசை. ஆகவே நான் அமாவாசைக்கு அமாவாசை கலைஞன். அமாவாசை என்றதும் நீங்கள் தலையாட்டுவது தெரிகிறது. ராத்திரி அல்ல ஐயா, பட்டப்பகல், மத்தியானச் சாப்பாட்டு நேரம்.

அப்போது என் அக்கா வசந்தா எங்கள் வீட்டில் இருந்தாள். அவளை ஆர்.கே.பேட்டையில் கொடுத்திருந்தோம். அவள் புருஷன், எனக்குப் பாவா, அவருக்குச் சொந்தத் தறி, நல்ல மனுஷர், பேச்சு குறைவு. அவர்களுடைய பையன் வேலு, தவழத் தொடங்கியிருந்தவன், ஐப்பசி மழையில் காய்ச்சல் கண்டு போய்விட்டான். அக்கா அழவில்லை. காரியம் முடிந்ததும் ஒரு துணிப்பையோடு எங்கள் வீட்டுக்கு வந்தாள். சமைத்தாள், துவைத்தாள், என்னைத் திட்டக்கூடத் திட்டினாள். பையனைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை கிடையாது.

பாவா ஒவ்வொரு அமாவாசைக்கும் தறியை நிறுத்திவிட்டு டவுன் பஸ் ஏறி வருவார். சாப்பிடுவார். கையைக் கழுவிக்கொண்டே, "வசந்தா, போலாமா?" என்பார்.

"அடுத்த அமாவாசைக்குப் பாக்கலாம்" என்பாள்.

அவர் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார். அவருக்கு வேறு பெண் பார்க்கலாமா என்று அவர்கள் வீட்டில் பேச்சு எழுந்து, அது எங்கள் காது வரைக்கும் வந்துவிட்டது. அம்மா அதைக் கேட்டதிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை.

அந்தப் பங்குனி அமாவாசையிலும் பாவா வந்தார், கேட்டார், அதே பதிலை வாங்கிக்கொண்டு, "மலைக்குப் போய்ட்டு வந்துடறேன் அத்தே" என்று கிளம்பினார். அம்மா பாத்திரம் தேய்க்கக் கொல்லைப்பக்கம் போயிருந்தாள். நான் பலகையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். அக்கா வாசற்படியில் வந்து நின்றாள்.

"இன்னாடா பண்ணிகினு கீற? எலிப்பொறியா அது?"

"கடல் சத்தம் புடிக்கறேன்க்கா."

"புடிச்சிட்டியா?"

"ஸ்பிரிங்கு சரியில்ல."

குனிந்து பலகையைப் பார்த்தாள். பிறகு உள்ளே போய்த் தன் துணிப்பையிலிருந்து ஒன்றை எடுத்து வந்து என் முன்னால் வைத்தாள். வேலுவின் தொட்டில் ஸ்பிரிங்.

தாய்மாமன் சீராக நான்தான் அதைச் சென்னையிலிருந்து வாங்கிப் போனேன். எங்கள் பக்கத்தில் உத்தரத்தில் கயிற்றைக் கட்டி அதில் புடவையைத் தொங்கவிடுவதுதான் தொட்டில். ஸ்பிரிங் வைத்த தொட்டிலைப் பார்க்க ஆர்.கே.பேட்டையில் அந்தத் தெருவே வந்தது. அதை அவள் கழற்றி எடுத்து வந்திருப்பது எங்களுக்குத் தெரியாது.

"இத்தப் போட்டுப் பாரு."

"அக்கா, இது..."

"இரும்புதானே? போடு."

போட்டேன். கொக்கி இரண்டு முறை நழுவியது. அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். நான் வாசித்தேன். என்னதான் என்னையே கேலி செய்துகொண்டாலும் இதைச் சொல்லாமல் இருக்க முடியாது, அன்றைக்குத்தான் கடல் வந்தது. சந்தோஷத்தில் டேப்பை நிறுத்தக்கூட மறந்துபோய், அது பாட்டுக்கு ஓடி முடிந்து தானாக நின்றது. திருப்பிச் சுற்றிப் போட்டேன்.

கிட்டார் வந்தது. கடைசி சுரம் வந்தது. ஸ்பிரிங்கின் எதிரொலி இழை இழையாகக் கரைந்தது. அதோடு சத்தம் அடங்கியிருக்க வேண்டும். அடங்கவில்லை.

கிறீச்... கிறீச்... என்று மெதுவாக ஒரு சத்தம். பலகையைப் பார்த்தேன், ஸ்பிரிங் அசையவில்லை. சத்தம் டேப்பிலிருந்து வருகிறது. நம்பினால் நம்புங்கள், காலியான தொட்டிலின் ஸ்பிரிங் வெடவெடவென்று ஆடும், உள்ளே பாரம் இருந்தால்தான் நிதானமாக இறங்கி ஏறும். வேலுவை ஆட்டிய எனக்கு அது தெரியும். இது நிதானமாக இறங்கி ஏறியது. நடுநடுவே ஒரு திடுக்கென்ற தடுமாற்றம், உள்ளே இருப்பது காலை உதைத்துக்கொள்கிற மாதிரி.

நிறுத்தப்போனேன்.

"நிறுத்தாத" என்றாள் அக்கா. பிறகு, அத்தனை மாதமாக நாங்கள் கேட்காத ஒரு குரலில் சொன்னாள்: "இன்னும் தூங்கல அவன்."

நகர்ந்து வந்து பலகைமேல் கையை வைத்தாள். டேப் ரிக்கார்டர்மேல் அல்ல, பலகைமேல். முதுகில் தட்டுவது போலத் தட்டினாள். வாய்க்குள்ளேயே ஏதோ முனகினாள், பாட்டு என்று சொல்ல முடியாது. இங்கே கொஞ்சம் கவனியுங்கள். பதிவானது பதிவானதுதான், தட்டினாலும் பாடினாலும் அது மாறாது, எலக்ட்ரானிக்ஸ் பத்திரிகை படிக்கிறவனுக்கு இது தெரியாதா? ஆனால் டேப்பில் இருந்த அந்தச் சத்தம் அவள் கைக்கு இசைந்து மெதுவானது. இன்னும் மெதுவானது. நின்றது. அதன்பின் டேப் ஓடுகிற இரைச்சல் மட்டும்தான்.

அவள் இன்னும் கொஞ்சம் தட்டினாள். பிறகு, தூங்குகிற பிள்ளை முழித்துக்கொள்ளாமல் எடுப்பார்களே, அப்படி, விரல் விரலாகக் கையை எடுத்தாள். எடுத்து முடித்ததும் அழத் தொடங்கினாள். கையில் சோற்றுக் கரண்டியோடு அம்மா ஓடி வந்தாள்.

பாவா மலையிலிருந்து திரும்பியபோது அக்கா அம்மா மடியில் கிடந்து அழுதுகொண்டிருந்தாள். அவர் விபூதிப் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு என்னைக் கேட்டார்: "அழுதுட்டாளா?"

"ஆங், பாவா."

அப்படியே படியில் உட்கார்ந்து துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். சாயங்காலம் இருவரும் ஒரே பஸ்ஸில் போனார்கள். பிறகு அவர்களுக்கு இரண்டு பெண்கள் பிறந்தார்கள். தொட்டிலுக்குக் கயிறே போதும் என்று சொல்லிவிட்டார்கள், நானும் வேறு சீர் கொண்டுபோனேன்.

எனக்குத் தெரிந்த ரேடியோ மெக்கானிக் ஒருவர் காரணம் சொன்னார்: கொக்கி தளர்ந்து உரசியிருக்கும், அது டேப்பில் ஏறியிருக்கும். சந்தோஷமாக ஏற்றுக்கொண்டேன். ஏறியது சரி. நின்றது எப்படி?

அடுத்த அமாவாசையில் டேப்பைத் திரும்பப் போட்டேன். கிட்டார், எதிரொலி, கிறீச். மெதுவாகவில்லை. நிற்கவும் இல்லை. டேப் முடிந்து பட்டன் தானாக எழும்பும் வரைக்கும் ஆடிக்கொண்டே இருந்தது. சிரிக்காதீர்கள், நானும் பலகையைத் தட்டிப் பார்த்தேன், முனகியும் பார்த்தேன். அன்று அவளுக்காக ஒரு முறை தூங்கினான். நான் எப்போது போட்டாலும் முழித்துக்கொண்டுதான் இருக்கிறான், இன்று வரைக்கும். அதனாலேயே இப்போதெல்லாம் போடுவதில்லை.

அக்காவிடம் இதைச் சொன்னதில்லை. சின்னவள் பள்ளிக்கூடம் சேர்ந்த வருஷம், பாவா தனியாக வந்திருந்தபோது மனசு கேட்காமல் அவரை உட்காரவைத்து, நடந்ததைச் சொல்லிப் போட்டுக் காட்டினேன். பட்டன் எழும்பும் வரைக்கும் தலையைத் தூக்காமல் கேட்டார். அழுவாரா, என்னைப் பைத்தியம் என்பாரா என்று காத்திருந்தேன். துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார்:

"மச்சான், மொதல்ல அந்த கிட்டார் சத்தம் வருதே, அத்த மட்டும் எடுத்துட முடியுமா?"