முதல் வரியில் போட்ட சுழி

எண்பதுகளின் கடைசியில் லாஸ்பேட்டையில் ஒரு சின்ன கம்ப்யூட்டர் அலுவலகத்தில் எனக்கு வேலை. மகளுக்கு ஏழு மாதம். பகலில் நாத்தனார் பார்த்துக்கொள்வாள். ஐந்தரைக்கு அவளுக்குத் தட்டச்சு வகுப்பு. அதற்குள் நான் வீட்டில் இருக்க வேண்டும்.

அலுவலகத்தில் புரோகிராம் எழுதித் தரும் ஒரு புரோகிராம் இருந்தது. பெயர், வயது, முகவரி என்று வேண்டியதைச் சொன்னால், தன்னிடமிருக்கும் டெம்ப்ளேட்டில் பொருத்தி முழு புரோகிராமையும் கொட்டிவிடும். டெம்ப்ளேட் இட்லித்தட்டு மாதிரி. மாவு மட்டும் நம்முடையது. அங்கிருந்த இருபத்திரண்டு டெம்ப்ளேட்டும் பிரசவத்துக்கு முன் நான் எழுதியவை. இப்போது அந்தக் கணினி மொழியின் புதிய பதிப்பு ஃப்ளாப்பியில் வந்து இறங்கியிருந்தது. பல கட்டளைகள் மாறியிருந்ததால் எல்லாவற்றையும் திருத்த வேண்டும்.

மேலாளர் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர். முதுகுக்குப் பின்னால் எல்லாருக்கும் அவர் முசே, பிரெஞ்சில் ஐயா. "வெள்ளிக்கிழமைக்குள்ள முடியலன்னா வேற ஆள்கிட்ட குடுத்துடுவேம்மா. நீ டேட்டா என்ட்ரிக்குப் போயிடு, ரெண்டாவது ஷிஃப்ட்டு" என்றார். இரண்டாவது ஷிஃப்ட் முடிய இரவு ஒன்பது ஆகும். குழந்தையை யாரிடம் விடுவது?

ஒவ்வொன்றையும் திருத்தி, மூன்று தரம் சரிபார்த்து, சரிபார்த்தோமா என்று சந்தேகப்பட்டு மறுபடியும் திறந்தேன். வெள்ளிக்கிழமை மதியம் ஓட்டிப் பார்த்தால் இருபத்திரண்டும் ஒரே பாட்டு: பதிப்பு எண் இல்லை. எண்ணை நானே என் கையால் போட்டிருக்கிறேன்! பத்து தரம் பார்த்தேன். இருக்கிறது.

பக்கத்து நாற்காலி அக்கா டீயோடு வந்து திரையை எட்டிப் பார்த்தார்.

"மொத வரியில என்னாடி அது, நட்சத்திரம் போட்டு ஒத்த u?"

"பிள்ளையார் சுழிக்கா. தமிழ் எழுத்து இல்லையே, அதான்."

"கம்ப்யூட்டருக்கா?"

பழைய பதிப்பு நட்சத்திரம் போட்ட வரிகளைக் கண்டுகொள்ளாது. புதியதோ முதல் வரியிலேயே பதிப்பு எண்ணைக் கேட்டது. கையேட்டில் அதைப் படித்துத்தான் எண்ணை முதலில் எழுதினேன், சுழிக்குக் கீழே. பள்ளிக்கூடத்திலிருந்தே எதுவானாலும் அங்கேதான் ஆரம்பம்; சுழி ஒரு வரி என்று எனக்குத் தோன்றவே இல்லை.

"அழிச்சுடு."

விரல் போகவில்லை. "கொழந்தைக்கு வேற சளிக்கா."

"நல்லா இருக்குதே! பிள்ளையாருக்கு வேற வேலை இல்லியா? ஒரு வரி கீழ எறக்கி விடு, கோச்சுக்க மாட்டாரு."

இருபத்திரண்டு தரம் மனசுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இறக்கினேன். மறுபடி ஓட்டினேன். எல்லாம் தேறின. மணி நாலே முக்கால். முசே வந்து நின்றார்.

"முடிஞ்சிதாம்மா?"

"முடிஞ்சிதுன்னு நெனைக்கிறேன் சார்."

"முடிஞ்சிதுன்னு சொல்லித் தொலையேன்டி" என்று அக்கா கிசுகிசுத்து என் காலை மிதித்தார்.

"முடிஞ்சிது சார்."

அவரே இரண்டை ஓட்டிப் பார்த்தார். "சரி, திங்கக்கிழம வழக்கம்போல காலையில வந்துடு. அடுத்த பதிப்பு வந்தாலும் நீதான்."

"அப்ப ரெண்டாவது ஷிஃப்ட்டு இல்லியே சார்?"

"இல்ல."

"நெஜமாவா சார்?"

"போம்மா, பஸ்ஸ விட்டுடப் போற."

ஐந்தேகாலுக்கு வீட்டு வாசலில் நின்றேன். "என்னா அண்ணி, நேரத்தோட வந்துட்ட?" என்று நாத்தனார் மகளை என்னிடம் நீட்டிவிட்டுச் செருப்பைத் தேடினாள்.

"திங்கக்கிழமையும் இதே நேரந்தான்" என்றேன்.