வலது கைக்கு ஒரு முறம்

எனக்குக் கல்யாணமாகி ஆறாவது வருஷம், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் கடைசியில் ஒரு பங்குனி மாதம், என் வீட்டுக்காரருக்கு வாதம் வந்து வலப்பக்கம் விழுந்துவிட்டது. காலையில் ஏர் பூட்டப் போனவர் மாட்டுக்கொட்டகையில் சரிந்து கிடந்தார். முப்பத்தாறு வயசு. ஒலக்கூர்ப் பக்கத்து எங்கள் ஊரிலிருந்து மாட்டுவண்டியில் போட்டுத் திண்டிவனத்துக்குக் கொண்டுபோனோம்.

டாக்டர் நல்ல மனுஷர்தான். ஊசி போட்டார், மாத்திரை கொடுத்தார். கடைசியில் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, மூளையில் செத்த நரம்பு செத்ததுதான், மறுபடி வளராது, அலட்டாமல் படுக்க வையுங்கள் என்றார். அந்தக் காலத்துப் படிப்பு அப்படி. அவரைக் குறை சொல்லி என்ன ஆகப்போகிறது?

வீட்டுக்கு வந்தால் என் மாமியார் அதற்கு மேல். யாரோ சொன்னார்கள் என்று புறா ரத்தம் தேய்த்து, அந்தக் கையைப் பழைய வேட்டியால் நெஞ்சோடு சேர்த்துக் கட்டி, ஒரு மண்டலம் அசைக்கவே கூடாது என்று உத்தரவு போட்டார். பிள்ளை மேல் உயிர். சோறு ஊட்டினார், முகம் துடைத்தார், மேலே ஈ உட்கார விடவில்லை. குழறிக்கொண்டிருந்த பேச்சு மெல்லத் தெளிந்தது. ஆனால் நாற்பத்தெட்டாம் நாள் கட்டை அவிழ்த்தால், கை வதங்கின கீரைத்தண்டாகத் தொங்கியது. எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. மாமியார் மேல், புறா விற்றவன் மேல், வாயை மூடிக்கொண்டு கட்டவிட்ட என் மேலும்.

ஆடியில் விதைப்பதற்குள் கை வராவிட்டால் நிலத்தை வேறு ஆளுக்கு வாரத்துக்கு விட்டுவிடலாம் என்று மாமியார் பேச ஆரம்பித்தார். இவர் காதுபடத்தான் பேசினார். அன்று இவர் சாப்பிடவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

மறுநாள் மல்லாட்டை மூட்டையை அவிழ்த்து இவர் எதிரில் கொட்டினேன். எங்கள் பக்கம் வேர்க்கடலைக்கு மல்லாட்டை என்றுதான் பேர். விதைக்கு மல்லாட்டையைக் கையால்தான் உடைப்போம். பருப்பின் மேலுள்ள சிவப்புத் தோல் கீறிவிட்டால் முளைக்காது. அதனால் ஆளுக்கு இரண்டு முறம்: நல்ல பருப்புக்கு ஒன்று, உடைசலுக்கு ஒன்று. இவருக்கும் இரண்டு வைத்தேன். சீக்காளியை வேலை வாங்குகிறாள் பார் என்று தெருவே பேசியது. பேசட்டுமே, அவர்களா வந்து ஏர் ஓட்டப் போகிறார்கள்?

இவருடைய வலது உள்ளங்கையில் ஒரு காயை வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி, மேலே என் கையை வைத்து அழுத்துவேன். படக்கென்று உடையும். ஒரு நாளைக்கு நூறு காய், இருநூறு காய். இவருக்கு வேர்த்துக் கொட்டும், பேஜாரு பண்ணாதே என்று முனகுவார். பதினைந்து நாள் போனபின் என் கைக்கு அடியில் ஏதோ அசைந்த மாதிரி இருந்தது. என் ஆசைதான் அசைகிறதோ என்று கையை எடுத்துப் பார்த்தேன். கட்டைவிரல் தானாக அழுத்திக்கொண்டிருந்தது.

உடம்பை அசைக்க அசைக்க மூளையில் நரம்புகள் புதுக் கிளை விடுமாம், சில இடத்தில் புது செல்லே பிறக்குமாம். டாக்டருக்குப் படித்த என் கடைசி மகள் இப்போது சொல்கிறாள். எனக்கு அன்று அதெல்லாம் என்ன தெரியும்? ஒரு மாதம் கட்டியே போட்ட மாடு ஏரில் திணறும், பழக்கினால் தேறிவிடும். அது தெரியும்.

ஆனால் பருப்பின் தோல் கிழிந்தது. இவருடைய உடைசல் முறம் நிறைந்துவிடும், நல்ல முறத்தில் ஐந்தோ ஆறோ கிடக்கும். கையும் மடியை விட்டு எழவில்லை, விரல்தான் அசைந்தது. சாயங்காலம் மாமியார் வந்து எட்டிப் பார்த்து உச்சுக்கொட்டிவிட்டுப் போவார். இவர் முகம் செத்துவிடும். அதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. மாமியார் வருவதற்குள், இவர் வேறு பக்கம் பார்க்கும்போது, என் முறத்திலிருந்து ஒரு பிடி பருப்பை அள்ளி இவர் முறத்தில் போட ஆரம்பித்தேன். மாமியார் முகம் மலர்ந்தது.  இவரும் ஏமாந்துவிட்டார் என்றே நினைத்தேன்.

ஆனி முடிய நாலு நாள் இருந்தது. அன்றும் இவர் தெருவில் போகிற மாடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஒரு பிடி அள்ளிக் கையை நீட்டினேன். மணிக்கட்டைப் பிடித்துவிட்டார்.

"என் மொறத்துல கை வெக்காத புள்ள. எத்தினி நாளா பண்ணிக்கினு இருக்கற, எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா? நான் ஒடச்சது அஞ்சுன்னா அஞ்சே இருக்கட்டும்."

உங்கள் நல்லதுக்குத்தானே செய்தேன் என்று சண்டைக்கு வாயெடுத்தவள், குனிந்து பார்த்தேன். என்னைப் பிடித்திருந்தது வலது கை. மடியை விட்டு எழுந்து, இரண்டு முறத்தையும் தாண்டி வந்திருந்தது. பிடி ஒன்றும் இறுக்கமில்லை, உதறினால் போய்விடும்.  கோபத்தில் இவர், எழுந்தது எந்தக் கை என்று கவனிக்கவே இல்லை.

நான் சொல்லவில்லை. சொன்னால் விட்டுவிடுவாரோ என்று பயமாக இருந்தது. இவர் திட்டிக்கொண்டே இருந்தார், நான் மணிக்கட்டை அசைக்காமல் உட்கார்ந்து வாங்கிக்கொண்டே இருந்தேன்.