பங்குக்கு வாங்கிய துவக்கு

புத்தளத்தில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராக இருந்து ஓய்வுபெற்றவன் நான். லைசன் இல்லாத துப்பாக்கி வைத்திருந்த கள்ளத்துவக்கு வழக்குகள் எத்தனையோ பார்த்திருக்கிறேன். ஆனால் தன் கள்ளத்துவக்கைத் தம்பி எடுத்து வைத்துக்கொண்டான் என்று பொலிஸில் போய் முறைப்பாடு கொடுத்த மனிதர் ஒருவரைத்தான் பார்த்தேன். அவர் பெயர் ஹனீபா. யுத்தம் முடிந்து சில வருடங்கள் ஆகியிருந்தன.

ஹனீபாவும் தம்பி நஸீரும் தொண்ணூறில் இயக்கம் முஸ்லிம்களைத் துரத்தியபோது மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு வந்தவர்கள். உப்பளத்தில் கூலிக்கு நின்று, வயிற்றைக் கட்டி, வில்பத்துக் காட்டோரம் ஒரு காணி வாங்கினார்கள். இருவர் பெயரிலும் ஒரே உறுதிப் பத்திரம். கச்சான் கடலையும் மரவள்ளியும் போட்டார்கள். காட்டுப்பண்டி வந்து கிண்டிப் போட்டது. கம்பி வேலி அடிக்க எவ்வளவு செலவாகும் என்று விசாரித்தார்கள். அதைவிட மலிவு என்று ஒரு கொல்லனிடம் பங்குக்குத் துவக்கு வாங்கினார்கள். ஒரு கிழமை நானா ஹனீபாவிடம், மறு கிழமை தம்பியிடம். சுட்ட பண்டியைத் தின்னவும் முடியாது, விற்கவும் முடியாது. இவர்களுடைய மலிவுக் கணக்கு இப்படி இருந்தது.

ஒருமுறை நஸீர் தன் கிழமை முடிந்தும் துவக்கைக் கொடுக்கவில்லை. ஹனீபாவுக்கு ஆத்திரம். பள்ளிவாசலில் போய்ச் சொன்னால் ஏசுவார்கள் என்று தெரிந்த அந்த மனிதருக்கு, பொலிஸில் சொன்னால் பிடிப்பார்கள் என்று தெரியவில்லை. காணி உறுதியையும் கையோடு எடுத்துக்கொண்டு போனார்.

"சேர், துவக்கில எனக்கும் பாதிப் பங்கு இருக்கு. தம்பி தாறான் இல்ல. கூப்பிட்டு விசாரிங்க."

பொறுப்பதிகாரி சிங்களவர், தமிழ் நன்றாகத் தெரிந்தவர். "லைசன் இருக்கா?" என்று கேட்டார்.

"காணி உறுதி இருக்கு சேர்."

காணியில் நிற்கிற மரம், கிணறு, நீர் இறைக்கிற மோட்டர் எல்லாம் உறுதிக்குள் வருமென்றால் துவக்கும் வரும். இது ஹனீபாவின் சட்டம். பிளேன்ரீ கொடுத்து, ஜீப்பில் ஏற்றி, வீட்டைக் காட்டச் சொன்னார்கள். காட்டினார். துவக்கையும் தம்பியையும் நானாவையும் ஒன்றாகவே கொண்டுவந்தார்கள்.

மறுநாள் இருவரும் கூண்டில் நின்றார்கள். நீதவான் சிங்களத்தில் கேட்டதை நான் தமிழில் கேட்டேன்: "துவக்கு யாருடையது?"

"தம்பிட, ஐயா" என்றார் ஹனீபா.

"நானாட, ஐயா" என்றார் நஸீர்.

முதல்நாள்வரை பாதிப் பங்குக்காகச் சண்டை பிடித்தவர்கள், இன்றைக்கு முழுவதையும் ஆளுக்காள் தானம் பண்ணினார்கள். அதைச் சிங்களத்தில் சொல்லி முடிக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

இருவரையும் விளக்கமறியல் சிறையில் போட்டார்கள். காணியில் பண்டிகள் நிம்மதியாக மேய்ந்தன. ஒருவர்மேல் ஒருவர் பழி போட்டபடியால் ஒரு சட்டத்தரணி போதவில்லை, ஆளுக்கொருவர் வைத்தார்கள். துவக்கு வேலை செய்யுமா என்ற அறிக்கை கொழும்பிலிருந்து வரும்வரை வழக்கு தவணை தவணையாக இழுபட்டது. பயத்தில் கொல்லனின் பெயரை மட்டும் இருவரும் சொல்லவில்லை. சட்டத்தரணிமாரை விட்டால் இந்த வழக்கில் இலாபம் பார்த்தவன் அவன்தான். கடைசியில் இருவரும் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். தண்டப்பணமும் ஒத்திவைத்த சிறைத்தண்டனையும் கிடைத்தன. துவக்கை அரசாங்கம் எடுத்துக்கொண்டது. வழக்குக்குப் பட்ட கடனை அடைக்கக் காணியைச் சிலாபத்துத் தேங்காய் வியாபாரி ஒருவருக்கு விற்றார்கள்.

பிறகு ஒருநாள் பஸ் நிலையத்தில் ஹனீபாவைக் கண்டேன். திரும்பவும் உப்பளத்தில் கூலி.

"மன்னார்க் காணிய துவக்கக் காட்டிப் பறிச்சாங்க, சேர்" என்றார்.

"இத?"

"இத நாங்களே துவக்க வாங்கிக் குடுத்திட்டம்."

இரக்கப்பட்டிருக்க வேண்டும். அந்த மலிவுக் கணக்கை நினைத்து எனக்குக் கோபம்தான் வந்தது.

அந்தப் பக்கத்துப் பையன்கள் இன்றைக்கும் என்னிடம் வந்து, பண்டிக்கு ஒரு துவக்கு வைத்திருந்தால் என்ன ஆகும் என்று கேட்கிறார்கள். நான் சட்டப் பிரிவு எதையும் சொல்வதில்லை. ஹனீபாவின் பழைய காணியைப் போய்ப் பார்க்கச் சொல்கிறேன். வாங்கியவர் முதல் வேலையாக அதைச் சுற்றிக் கம்பி வேலி அடித்தார். பண்டி வருவதில்லை.