அவன் எழுதிய வரிகள்

கம்ப்யூட்டர் இன்ஜினியரிங் கடைசி வருடத்தில் என்னோடு சேர்ந்து ப்ராஜெக்ட் செய்தவன் பைக் விபத்தில் இறந்துபோனான். இரண்டு வாரம் கழித்து அவன் அப்பா பெருந்துறையிலிருந்து எங்கள் கோவைக் கல்லூரிக்கு வந்தார். சாயப்பட்டறையில் வேலை. நகக்கண்களில் நீலம் ஏறியிருந்தது. எதையும் தொடுவதற்கு முன் கையைச் சட்டையில் துடைத்துக்கொள்வார். லேபில் நாற்காலியை இழுக்கும்போதுகூட அப்படித்தான் செய்தார்.

“ஏங்கண்ணு, எம்பையன் செஞ்சதைக் கொஞ்சம் காட்டுறீங்களா?”

தொட்டி நிரம்பியதும் மோட்டாரைத் தானாக நிறுத்தும் கருவி அது. ப்ரோகிராம் முழுவதையும் எழுதியவன் நான். அவன் லேபுக்கு வந்ததே சில நாட்கள்தான். ஆனாலும் திரையைக் காட்டி, “இது பூராவும் அவன் எழுதுனதுங்கப்பா” என்றேன்.

அவருக்கு ஆங்கிலம் படிக்க வராது. கையைத் துடைத்துவிட்டு, ஒவ்வொரு வரியின்மேலும் விரலை வைத்துக்கொண்டே கடைசி வரி வரை போனார். பிறகு நான் கருவியை ஓட்டிக் காட்டினேன். தொட்டிக்குப் பதிலாக வைத்திருந்த வாளியில் தண்ணீர் ஏறி மோட்டார் நின்றபோது வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்.

பஸ் ஏற்றிவிடப் போனேன். படியில் கால் வைத்தவர் திரும்பிப் பார்த்தார்.

“எல்லாம் நீங்கதான் செய்யறீங்கன்னு அவன் அப்பவே போன்ல சொல்லிப்போட்டான் கண்ணு. இந்தப் படிப்பு என்னால முடியலீங்கப்பான்னு அழுதான். நாந்தான் படிச்சே ஆகோணும்னு திட்டிப்போட்டேனுங்க.”

பஸ் கிளம்பிவிட்டது. எல்லாம் தெரிந்தும் ஏன் வந்தார், என்னை ஏன் பொய் சொல்ல விட்டார் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.